ஆப்பிள் தோட்டத்தில் இரண்டு நாள்

பசங்களுக்கு லீவு விட்டதும் சிம்லா போகலாம் என்றார்கள் வீட்டில். மால் ரோடு கூட்டம் எனக்கு ஒத்துவராது. அதனால் சிம்லாவைத் தாண்டி சுமார் 80 கிலோமீட்டர், நார்கண்டா வழியாக கோட்கர் பக்கம் இருக்கும் தானேதாருக்குப் போய்விட்டோம்.

தங்கியது ஒரு பழைய பண்ணை வீடு. ஒரு வரிசை கல், ஒரு வரிசை தேவதாரு மரம் என்று மாற்றி மாற்றி அடுக்கிய சுவர். வாடகையோடு காலைச் சாப்பாடும் சேர்த்தி. ஆலூ பராத்தா, தோட்டத்து ஆப்பிளில் செய்த ஜாம். (இட்லி கேட்ட சின்னவனுக்கு அம்மாவிடமிருந்து முறைப்புதான் கிடைத்தது!)

வீட்டுக்காரப் பெரியவர் தோட்டத்தைச் சுற்றிக் காட்டும்போது, "எங்கள் தாத்தாவுக்கு முதல் கன்று கொடுத்தது ஸ்டோக்ஸ் சாகப்" என்றார்.

சாமுவேல் எவன்ஸ் ஸ்டோக்ஸ், அமெரிக்காவின் பிலடெல்பியாவில் வசதியான குவேக்கர் குடும்பத்துப் பிள்ளை. 1904-ல், 21 வயதில், சபாத்துவில் தொழுநோயாளிகளுக்குச் சேவை செய்ய வந்தவர். 1912-ல் இந்த ஊர்ப் பெண்ணைக் கல்யாணம் செய்துகொண்டு, நிலம் வாங்கி, ஹார்மனி ஹால் என்று வீடும் கட்டினார். அந்த வீடு இன்றும் இருக்கிறது.

வெள்ளைக்காரர்கள் அதற்கு முன்பே இந்த மலைகளில் ஆப்பிள் நட்டிருந்தார்கள். ஆனால் அவர்கள் நாக்குக்கு ஏற்ற புளிப்பு ரகம். நம்மவர்களுக்கு இனிப்புதான் வேண்டும் என்று புரிந்துகொண்டு, 1916-ல் அமெரிக்காவிலிருந்து ரெட் டெலிஷியஸ் கன்றுகளை வரவழைத்தார் ஸ்டோக்ஸ். நட்டதோடு நிற்காமல் அக்கம்பக்கத்து விவசாயிகளுக்கும் கொடுத்தார். மரம் நன்றாகக் காய்க்க ஏழெட்டு வருஷம் ஆகும். அதுவரை மாரட்டோரியம் கொடுக்க எந்த பாங்க் முன்வந்திருக்கும் என்று என் உத்தியோக புத்தி கணக்குப் போட்டது!

அவர் செய்தது இது மட்டுமல்ல. அதிகாரிகளின் மூட்டை முடிச்சுகளை மலைவாசிகள் கட்டாயமாகச் சுமக்க வேண்டும் என்ற 'பேகார்' முறையை எதிர்த்துப் போராடினார். 1921-ல் அரசு இறங்கி வந்தது. அதே வருஷம் டிசம்பரில், காங்கிரஸ்காரராகக் கைதாகி ஆறு மாதச் சிறைத் தண்டனை பெற்றார். 1932-ல் இந்துவாக மாறி சத்யானந்த் ஆனார். சுதந்திரத்துக்கு ஒரு வருஷம் முன்னால், 1946-ல் காலமானார்.

ராத்திரி தூக்கம் வரவில்லை. என் பையில் அண்ணன் அனுப்பிய பவர் பத்திரம் இருந்தது. லால்குடி பக்கத்தில் அப்பா விட்டுப்போன ஒன்றரை ஏக்கரை விற்க என் கையெழுத்து வேண்டும். "நீ இனிமே திரும்பி வரப் போறியாடா?" என்று போனில் கேட்டார். நியாயமான கேள்விதான். இருபது வருஷத்தில் ஆறு ஊர் மாறிவிட்டேன். ஓர் ஊரிலும் ஒரு மரம் நட்டதில்லை. எப்படியும் டிரான்ஸ்ஃபர் வரும் என்ற நினைப்பு.

கிளம்பும்போது பெரியவர் பெரியவளிடம், "உன் ஊர் எது பேட்டி?" என்று கேட்டார். அவள் என்னைப் பார்த்தாள். நான் லால்குடி என்றேன். சொல்லும்போது கொஞ்சம் கூச்சமாகத்தான் இருந்தது.

பத்திரத்தில் இன்னும் கையெழுத்துப் போடவில்லை. ஊர் நிலத்தை விற்றவர்கள், விற்காமல் வைத்திருப்பவர்கள், இரண்டு பேருமே உங்கள் அனுபவத்தைச் சொல்லுங்களேன்.