தூங்கும் அழகி யார் வீட்டுப் பெண்?

காரைக்காலில் நான் பிரெஞ்சு வழியில் படித்த காலத்தில் ஷார்ல் பெரோவின் 'தூங்கும் அழகி' கதையை வாசித்தோம். 1697ல் அச்சேறிய கதை. அழகி கண் விழிப்பதோடு அது முடியாது. அப்புறம் மாமியார் வருவாள், ராட்சசி. பேத்தி ஒரோரைச் சமைத்துக் கொண்டுவரச் சொல்லுவாள், அதுவும் என்ன சாஸில் என்று சொல்லி! வகுப்பே மூச்சு விடாது.

சில வருடங்களுக்கு முன் பிரான்சில் மகள் வீட்டுக்குப் போயிருந்தபோது பேத்தி என்னை டிஸ்னிலாந்துக்கு இழுத்துப் போனாள். நடுவில் ரோஜா நிறக் கோட்டை. அதே தூங்கும் அழகியின் கோட்டை. அடியில் குகை, அதில் டிராகன். பெரோவின் கதையில் டிராகன்கள் ஒரு தேவதையின் தேரை இழுப்பதோடு சரி, இப்படி ஒரு டிராகன் ஏது? அது 1959ல் வந்த டிஸ்னி படத்தின் சரக்கு. அந்தப் படத்திலும் மகளின் பெயர் தாய்க்கு வந்து 'அரோரா' ஆகிவிட்டது. மாமியாரைக் காணோம். பேரப்பிள்ளையைத் தின்னும் பாட்டியைப் பொம்மையாக்கி விற்க முடியுமா? பிரான்சின் கதை அமெரிக்கா போய்த் திரும்பி வந்து, பிரெஞ்சுக் குழந்தைகளிடமே டிக்கெட் வாங்குகிறது.

அந்தப் பூங்கா 1992 ஏப்ரல் 12ல் 'யூரோ டிஸ்னி' என்று திறந்தது. உள்ளே ஒயின் கிடையாது. சாப்பாட்டோடு ஒயின் இல்லையா என்று பிரெஞ்சுக்காரர்கள் பொருமினார்கள், அறிஞர்கள் பத்திரிகைகளில் திட்டினார்கள். ஒன்றும் அசையவில்லை. 1993 கணக்கு ஆண்டில் நஷ்டம் சுமார் 530 கோடி பிராங்க். அதே வருடம் ஒயின் வந்தது. 1994ல் பெயர் 'டிஸ்னிலாந்து பாரிஸ்' ஆனது. குமாஸ்தாவாகப் பேரேடு எழுதியே காலம் தள்ளியவன் நான். அறிஞர்களால் ஆகாததை நஷ்டக் கணக்கு செய்தது என்றுதான் எனக்குப் படுகிறது. (1989லேயே பாரிசுக்கு வடக்கே ஆஸ்தெரிக்ஸ் பூங்கா வந்துவிட்டது. கதை சொந்த ஊர்க் கதைதான், ஆனால் அதையும் யாரும் தர்மத்துக்கு நடத்தவில்லை.)

இங்கே தஞ்சாவூரில் பெரிய கோயிலை ஒட்டிச் சிவகங்கைப் பூங்கா. 1871-72ல் நகராட்சி அமைத்தது. அதற்குக் கதையும் இல்லை, விற்கப் பொம்மையும் இல்லை.

போன விடுமுறையில் பேத்தி வந்தபோது அங்கே ஒரு மரத்தடியில் உட்கார்ந்து பெரோவின் கதையை முழுதாகச் சொன்னேன். மாமியார் கட்டத்தில் என் கையைப் பிடித்துக்கொண்டாள். முடிந்ததும் கொஞ்சநேரம் பேச்சில்லை.

"டிராகனை ஏன் விட்டுட்டீங்க தாத்தா?" என்றாள்.