ஏழைகளின் பல்கலைக் கழகம்

பிள்ளையைக் கல்லூரிக்கு அனுப்ப எண்ணும் பெற்றோர் இரண்டு வினாக்களை எழுப்புவது வழக்கம். ஆகும் செலவு எவ்வளவு என்பது ஒன்று. அச்செலவுக்கு ஈடாகப் பிள்ளைக்குக் கிடைக்கப் போவது யாது என்பது மற்றொன்று. ஒரு குடும்பத்தின் அளவில் இவற்றுக்கு ஒருவாறு விடை கண்டுவிடலாம். ஆனால், ஒரு நகரமே தன் வரிப் பணத்தைக் கொண்டு நடத்தும் பெரும் பல்கலைக் கழகம் ஒன்றைக் குறித்து இதே வினாக்களை எழுப்புவோமாயின், விடை அத்துணை எளிதில் கிட்டுவதில்லை. கட்டணம் இல்லை என்பதனாலேயே கல்வி எளியோர் கைக்கு எட்டிவிடுமா? கட்டணம் வந்துவிட்ட பின் அதன் பயன் அற்றுப் போகுமா? இவற்றை ஆராய்வதற்கு நியூயார்க் நகரப் பல்கலைக் கழகத்தின் வரலாற்றை விடப் பொருத்தமான சான்று வேறு இருப்பதாக நமக்குத் தோன்றவில்லை. 1847-ஆம் ஆண்டு முதல் 1976-ஆம் ஆண்டு வரை, 129 ஆண்டுக் காலம் அந்நகரம் தன் மக்களுக்குக் கட்டணமில்லாமல் உயர்கல்வி வழங்கி வந்தது.

ஒரு வணிகரின் விண்ணப்பம்

டவுன்சென்ட் ஹாரிஸ் என்பவர் நியூயார்க்கில் பீங்கான் பொருள்களை இறக்குமதி செய்து விற்ற வணிகர். பின்னாளில் ஜப்பானுக்கு அனுப்பப்பட்ட முதல் அமெரிக்கத் தூதர் என்று வரலாற்றில் இடம் பெற்றவரும் இவரே. 1847-இல் அவர் நகரக் கல்விக் குழுவின் தலைவராக இருந்தார். அந்நாளில் நகரில் கல்லூரிகள் இல்லாமலில்லை. ஆயின் அவற்றின் வாயில் பொருளுடையோர்க்கே திறந்திருந்தது. தொழிலாளியின் மகனும் செல்வரின் மகனும் ஒரே இருக்கையில் அருகருகே அமர்ந்து படிக்க வேண்டும், உழைப்பும் ஒழுக்கமும் அறிவும் தவிர வேறெந்த வேறுபாடும் அவர்களிடையே பாராட்டப்படலாகாது என்பது ஹாரிஸின் வாதம். பிறர் பிள்ளைகளின் உயர்கல்விக்கு நாம் ஏன் வரி செலுத்த வேண்டும் என்று கேட்டவர்களும் இருந்தார்கள். எனவே, அவ்வாண்டு ஜூன் திங்களில் அப்பிரச்சினை பொது வாக்கெடுப்புக்கு விடப்பட்டது. எதிர்த்தோரைப் போல் ஐந்து மடங்குக்கும் மேற்பட்டோர் ஆதரித்து வாக்களித்தார்கள்.

இவ்வாறு பிறந்த கல்விக்கூடத்திற்கு ‘கட்டணமில்லாக் கழகம்’ என்னும் பொருள்பட அன்று பெயர் சூட்டினர். 1849 ஜனவரியில், தேர்வெழுதி வென்ற 143 மாணவருடன் அது தொடங்கிற்று. 1866-இல் நியூயார்க் நகரக் கல்லூரி எனப் பெயர் மாறிற்று. பெண்களுக்கென 1870-இல் தொடங்கப்பட்ட ஆசிரியப் பயிற்சிக் கல்லூரி, பின்னர் ஹண்டர் கல்லூரி என்று புகழ் பெற்றது. 1930-இல் புரூக்ளின் கல்லூரியும் 1937-இல் குவீன்ஸ் கல்லூரியும் எழுந்தன. 1907-இல் நகரக் கல்லூரி ஹார்லம் பகுதியை அடுத்த மேட்டு நிலத்தில் புதிய கட்டடங்களுக்குக் குடிபெயர்ந்தது. சுரங்க இரயில் பாதை தோண்டியபோது வெளிப்பட்ட கரும்பாறைகளே அக்கட்டடங்களுக்குச் சுவர்களாயின. அந்த இரயிலிலேயே ஐந்து சென்டுக் கட்டணத்தில் மாணவர்கள் கல்லூரிக்கு வந்து சேர்ந்தார்கள். 1948 வரை அக்கட்டணம் உயரவில்லை. தங்கும் விடுதிச் செலவின்றி வீட்டில் உண்டு, வீட்டில் உறங்கி, ஐந்து சென்டில் சென்று வந்து படிக்க முடிந்தமையே கட்டணமில்லாக் கல்விக்கு உயிரூட்டிற்று.

நகரம் பெற்ற ஊதியம்

இருபதாம் நூற்றாண்டின் முற்பகுதியில் கிழக்கு ஐரோப்பாவிலிருந்து குடியேறிய யூதர்களின் பிள்ளைகள் இக்கல்லூரிகளை நிரப்பினார்கள். புகழ் பெற்ற தனியார் பல்கலைக் கழகங்கள் யூத மாணவரின் எண்ணிக்கைக்கு வரம்பு கட்டிய காலம் அது. ‘ஏழைகளின் ஹார்வர்டு’ என்று நகரக் கல்லூரியை மக்கள் அழைத்தார்கள். ஆடைத் தொழிலில் ஈடுபட்டிருந்த ஒருவரின் மகனாகிய ஜோனாஸ் சால்க் அங்கே பயின்று 1934-இல் பட்டம் பெற்றார். 1955-இல் இளம்பிள்ளை வாதத்தைத் தடுக்கும் ஊசி மருந்தை உலகுக்கு அளித்தவர் அவரே. ஜமைக்காவிலிருந்து குடியேறிய பெற்றோரின் மகன் காலின் பாவல் 1958-இல் அங்கே பட்டம் பெற்று, 2001-இல் அமெரிக்க நாட்டின் வெளியுறவு அமைச்சரானார்.

ஜெர்ட்ரூட் எலியனின் வரலாறு இன்னும் தெளிவான சான்று. 1929-ஆம் ஆண்டுப் பங்குச் சந்தை வீழ்ச்சியில் அவருடைய தந்தை கைப்பொருளை இழந்தார். ஹண்டர் கல்லூரியில் கட்டணம் இல்லாதிருந்தமையால்தான் தம்மால் உயர்கல்வி பெற முடிந்தது என்பதை எலியன் பின்னாளில் நன்றியுடன் பதிவு செய்திருக்கிறார். 1937-இல் வேதியியலில் பட்டம் பெற்ற அவரைப் பெண் என்பதனால் ஆய்வுக் கூடங்கள் ஏற்கத் தயங்கின. முனைவர் பட்டம் பெறும் வாய்ப்பும் அவருக்குக் கிட்டவில்லை. எனினும், குருதிப் புற்று நோய்க்கும் உறுப்பு மாற்றுச் சிகிச்சைக்கும் உதவும் மருந்துகளை உருவாக்கிய அவர் 1988-இல் நோபல் பரிசு பெற்றார். அவருடைய கல்விக்காக நியூயார்க் நகரம் செலவிட்ட தொகை எவ்வளவோ இருக்கட்டும். அம்மருந்துகளால் உயிர் பிழைத்தவர்களை எந்தக் கணக்கில் வரவு வைப்பது?

குறுகிய வாயில்

புகழ்ச்சியோடு நின்றுவிடுவது வரலாறு ஆகாது. கட்டணமில்லாக் கல்வி என்பது எல்லார்க்கும் கிடைத்த கல்வி என்று எண்ணிவிடலாகாது. பகல் வகுப்பில் முறைப்படி இடம் பெற்றவர்களுக்கே அச்சலுகை. அவ்வாறு இடம் பெறாமல் மாலை வகுப்புகளில் சேர்ந்தவர்கள் பணம் கட்டியே படித்தார்கள். நாடுவோர் தொகை பெருகப் பெருக, இடங்கள் அதற்கேற்பப் பெருகவில்லை. ஆகவே உயர்நிலைப் பள்ளியில் பெற்றிருக்க வேண்டிய மதிப்பெண் வரம்பு ஏறிக்கொண்டே போயிற்று. நல்ல பள்ளியில் பயிலும் வாய்ப்பற்றவர்களுக்கு அவ்வரம்பு, பணத்தைக் காட்டிலும் வலிய தடையாயிற்று. நகரக் கல்லூரியைச் சூழ்ந்து வாழ்ந்த கறுப்பின மக்களும் போர்ட்டோ ரிக்கர்களும் அக்கல்லூரியின் கோபுரங்களை நாள்தோறும் கண்டார்கள். உள்ளே நுழைந்தவர்களோ மிகச் சிலர். அவர்களுடைய பெற்றோரும் அதே நகரத்திற்குத்தான் வரி செலுத்தினார்கள் என்பதை இங்கே நாம் மறந்துவிடக் கூடாது.

1961-இல் தனித்தனியே இயங்கிய கல்லூரிகள் சட்டத்தின் வாயிலாக ஒன்றிணைக்கப்பட்டு நியூயார்க் நகரப் பல்கலைக் கழகம் என்னும் பேரமைப்பாயின. 1969 ஏப்ரலில் கறுப்பின மாணவரும் போர்ட்டோ ரிக்க மாணவரும் நகரக் கல்லூரியின் ஒரு பகுதியைக் கைப்பற்றி, வாயிலைத் திறக்குமாறு கிளர்ந்தெழுந்தனர். அதன் பயனாக, 1975-க்கெனத் திட்டமிட்டிருந்த மாற்றம் 1970-லேயே நடைமுறைக்கு வந்தது. நகரில் உயர்நிலைப் பள்ளிப் படிப்பை முடித்த எவர்க்கும் பல்கலைக் கழகத்தின் ஏதேனும் ஒரு கல்லூரியில் இடம் உண்டு என்று அறிவிக்கப்பட்டது. அவ்வாண்டு ஏறத்தாழ 35,000 பேர் புதிதாகச் சேர்ந்தார்கள். கறுப்பினத்தாருக்காகவே செய்யப்பட்ட சலுகை என்று பலர் குறை கூறினாலும், அயர்லாந்து, இத்தாலி நாடுகளிலிருந்து வந்த உழைப்பாளிக் குடும்பங்களின் பிள்ளைகளும் பெருந்தொகையாய்ப் பயன் பெற்றார்கள்.

இடம் போதவில்லை. வாடகைக் கட்டடங்களிலும் வகுப்புகள் நடந்தன. பிழையின்றி ஒரு பத்தி எழுத இயலாத மாணவரும் வந்து சேர்ந்தனர். கல்வித் தரம் தாழ்ந்துவிட்டது என்னும் கூக்குரல் எழுந்தது. அதை வெறும் வெறுப்பு என்று ஒதுக்கிவிடவும் முடியாது. ஆனால் அம்மாணவர்களின் தவறான வாக்கியங்களை ஆயிரக் கணக்கில் திரட்டி ஆராய்ந்த மினா ஷானசி என்னும் ஆசிரியை, அப்பிழைகளுக்குள்ளும் ஓர் ஒழுங்கு இருப்பதைக் கண்டார். மாணவனின் மந்த புத்தியால் அவை நேரவில்லை, பயிற்சிக் குறைவால் நேர்ந்தவை என்பதை 1977-இல் வெளிவந்த தம் நூலில் அவர் நிறுவினார்.

பணப்பை மூடிய நாள்

வாயில் அகலத் திறந்து ஐந்தாண்டுகள் கழிவதற்குள் நகரம் கடனில் மூழ்கிற்று. 1975-இல் நியூயார்க் மாநகரமே மஞ்சள் கடிதம் கொடுக்கும் நிலைக்கு வந்துவிட்டது. 1976-ஆம் ஆண்டு மே இறுதியில் ஊதியம் கொடுக்கப் பணமின்றிப் பல்கலைக் கழகம் இரண்டு வாரம் மூடிக் கிடந்தது. ஜூன் திங்களில் மீண்டும் திறக்கப்பட்டபோது கட்டணமில்லாக் கல்வி முடிவுக்கு வந்திருந்தது. புதிய மாணவருள் வெள்ளையரல்லாதார் பெரும்பான்மையை எட்டிக்கொண்டிருந்த நேரத்தில் அது நிகழ்ந்தது. நகரத்தின் வறுமை மெய்யானதே. எனினும், 1930-களின் கொடிய பொருளாதார மந்தத்தின் போதும் கைவிடப்படாத ஒரு வாக்குறுதி அன்று கைவிடப்பட்டது என்பதும் அதே அளவுக்கு மெய்யாகும்.

கட்டணம் விதித்தவர்களின் வாதத்தையும் எடுத்துரைப்பது நேர்மை. வசதியுள்ளவர் கட்டணம் செலுத்தட்டும்; வறியவர்க்கு மாநில அரசும் மைய அரசும் உதவித் தொகை அளிக்கும்; ஆகவே ஏழைக்கு இழப்பில்லை என்றனர். ஏட்டளவில் இவ்வாதம் குறையற்றதாகவே தோன்றும். ஆயின், மாநிலத்தின் உதவித் தொகை முழுநேரம் படிப்பவர்களைக் கருதி வகுக்கப்பட்டது. பகலில் உழைத்து ஓரிரு பாடங்கள் மட்டும் படித்து வந்தவர்கள் அவ்வலைக்குள் சிக்காமல் நழுவிப் போனார்கள். படிவங்களை நிரப்பிச் சான்றுகளைத் திரட்டி அளிக்க வல்லவர்க்கு உதவி கிட்டியது. அதனைக் கண்டு மலைத்தவர் வீட்டிலேயே தங்கிவிட்டனர். அடுத்த சில ஆண்டுகளில் மாணவர் தொகை பல்லாயிரக் கணக்கில் வீழ்ந்தது.

பயனை அளக்கும் கோல்

அவ்வாறாயின் 1970-இன் முயற்சி வீண்தானா? இவ்வினாவுக்கு விடை காண முப்பதாண்டுகள் பொறுக்க வேண்டியிருந்தது. 1970-க்கும் 1972-க்கும் இடையில் சேர்ந்த பெண்களை முப்பது ஆண்டுகளுக்குப் பின் தேடிக் கண்டு, பால் அட்டவெல், டேவிட் லேவின் ஆகிய ஆய்வாளர்கள் 2007-இல் ஒரு நூல் வெளியிட்டனர். நூற்றுக்கு எழுபதுக்கும் மேற்பட்டோர் இறுதியில் ஏதேனும் ஒரு பட்டத்தைப் பெற்றிருந்தார்கள். நான்கே ஆண்டில் அன்று. பிள்ளை பெற்று, வேலை பார்த்து, இடையில் விட்டு, மீண்டும் தொடர்ந்து பெற்ற பட்டம். அவர்களுடைய பிள்ளைகளின் கல்வியிலும் அதன் நற்பயன் தெரிந்தது. நான்காண்டு முடிவில் எத்தனை பேர் தேறினர் என்று மட்டும் எண்ணியவர்கள், அறுவடைக்கு முன்பே களத்தை அளந்து சென்றவர்களாவர்.

2017-இல் ராஜ் செட்டி முதலான பொருளியல் அறிஞர்கள் வேறொரு கோலைக் கொண்டு அளந்தனர். ஒரு கல்லூரியின் மாணவருள், வருமானத்தில் கடைசி ஐந்திலொரு பகுதியிலுள்ள குடும்பத்தில் பிறந்து, பின்னர்த் தம் உழைப்பால் முதல் ஐந்திலொரு பகுதிக்கு உயர்ந்தவர் நூற்றுக்கு எத்தனை பேர் என்பதே அக்கோல். நாட்டின் சராசரி 1.9, நியூயார்க் நகரப் பல்கலைக் கழகத்திற்கோ 7.2. புகழ் மிக்க தனியார் பல்கலைக் கழகங்களில் சேரும் ஏழை மாணவனும் நிச்சயம் உயர்கிறான். ஆனால் அங்கே அவனைப் போன்றவர்கள் மிகச் சிலரே. இவ்வாறு அளக்கப்பட்டவர்கள் கட்டணம் வந்த பிறகு படித்தவர்கள் என்பதை நாம் கவனிக்க வேண்டும். கட்டணத்தால் அப்பல்கலைக் கழகத்தின் பயன் அழிந்துவிடவில்லை. அது இல்லாதிருந்தால் இன்னும் எத்தனை பேர் வந்திருப்பார்கள் என்பதற்கு மட்டும் எந்தக் கோலாலும் விடை கூற இயலாது.

பயண அட்டை கற்பித்த பாடம்

2007-இல் இப்பல்கலைக் கழகத்தின் ஈராண்டுக் கல்லூரிகளில் ஒரு புதிய முயற்சி தொடங்கிற்று. முழுநேரம் படிக்க இசைந்த மாணவர்க்கு உதவித் தொகை போக எஞ்சிய கட்டணம் தள்ளப்பட்டது. பாட நூல்கள் இலவசமாயின. சுரங்க இரயிலிலும் பேருந்திலும் செல்லப் பயண அட்டை கொடுக்கப்பட்டது. அடிக்கடி சந்தித்து வழிகாட்ட ஓர் ஆலோசகரும் அமர்த்தப்பட்டார். திருவுளச் சீட்டுப் போல் மாணவரை இரு பிரிவாகப் பிரித்து நடத்திய ஆய்வின் முடிவு 2015-இல் வெளியாயிற்று. மூன்றாண்டுக்குள் பட்டயம் பெற்றோர், உதவி பெறாத பிரிவில் நூற்றுக்கு 22 பேர். உதவி பெற்ற பிரிவில் 40 பேர். ஒரு மாணவனுக்குச் செலவு கூடிற்று; ஆனால் தேறிய ஒருவருக்கு ஆன செலவு என்று கணக்கிட்டபோது அது குறைந்தே இருந்தது.

1849-இல் ஐந்து சென்டு இரயில் இல்லை, 1930-களில் இருந்தது. எலியனையும் சால்க்கையும் உருவாக்கியதில் கட்டணமின்மைக்கு எவ்வளவு பங்குண்டோ, வீட்டுச் சோற்றுக்கும் மலிவான பயணத்துக்கும் அவ்வளவு பங்குண்டு என்பதை நகரம் எழுபது ஆண்டுகள் கழித்து மீண்டும் கண்டறிந்தது எனலாம். 2017-இல் நியூயார்க் மாநில அரசு நடுத்தரக் குடும்பங்களுக்கும் கட்டண விலக்கு அளிக்கும் திட்டமொன்றை அறிவித்தது. ஆனால் அது பிற உதவிகள் போக எஞ்சும் கட்டணத்தை மட்டுமே ஈடு செய்தது. நூல்களுக்கும் உணவுக்கும் பயணத்துக்கும் உதவவில்லை. 2019-20 கல்வியாண்டில் நான்காண்டுக் கல்லூரிகளில் கட்டணம் 6,930 டாலர். அக்கட்டணம் முழுவதையும் உதவித் தொகையால் அடைத்துவிட்ட வறிய மாணவன், வாடகைக்கும் சோற்றுக்கும் உழைக்கச் சென்று வகுப்பைத் தவற விட்டான். கட்டணத்தை மட்டும் பார்த்துத் தீட்டப்படும் திட்டங்கள் இவ்வாறே வழியில் நின்றுவிடுகின்றன.

ஆகவே, ஒரு பொதுப் பல்கலைக் கழகத்தை மதிப்பிடப் புகுவோர், தொடக்கத்தில் நாம் கூறிய பெற்றோரின் இரு வினாக்களோடு இன்னும் இரண்டைச் சேர்த்துக் கொள்ளுதல் தகும். வாயிலில் நின்று திரும்பிச் சென்றவர் யார்? உள்ளே சென்றும் முடிக்காமல் வெளியேறியவர் ஏன் வெளியேறினார்? நியூயார்க் நகரம் 1847-இல் வாக்களித்து ஏற்ற கடமை, அவ்விருவரையும் கணக்கில் சேர்க்காதவரை நிறைவேறியதாகாது என்பதே நம் துணிபு. கல்விக் கூடம் நிறுவுவோரும் அதற்கு வரி செலுத்துவோரும் இந்தக் கணக்கைத் தத்தம் ஊரிலேயே ஒருமுறை போட்டுப் பார்ப்பார்களாக.