மயிலைப் பெருமான் சென்ற ஊர்

சென்னையில் சமணர் என்றாலே வடபுலத்து வணிகர் என்று எண்ணுவோர் பலர். தமிழகத்தின் வடமாவட்டங்களில் தமிழையே தாய்மொழியாகக் கொண்டு, தலைமுறைகளாக உழவுத்தொழில் செய்துவரும் நயினார்களை அவர்கள் அறியார்.

அப்பகுதிக் குன்றுகள் சமண வரலாற்றின் ஏடுகள். செஞ்சியை அடுத்த திருநாதர்குன்றில் இருபத்துநான்கு தீர்த்தங்கரர்களும் ஒரே பாறையில் செதுக்கப்பட்டுள்ளனர். சந்திரநந்தி ஆசிரியர் 57 நாள் உண்ணாநோன்பிருந்து உயிர்நீத்ததை அங்குள்ள கல்வெட்டு கூறும். போளூரை அடுத்த திருமலையில் நேமிநாதர் ஏறத்தாழ 16 அடி உயரத்தில் நிற்கின்றார்.

நம் மயிலாப்பூரிலும் கடலோரத்தில் நேமிநாதருக்கு ஓர் ஆலயம் இருந்தது. அவிரோதியாழ்வார் திருநூற்றந்தாதி பாடியது இப்பெருமான்மீதே. குணவீர பண்டிதரின் இலக்கண நூல் 'நேமிநாதம்' எனப் பெயர்பெற்றதும் இவராலேயே. நூலைக் கற்பிக்கும் நாம் (ஆசிரியர்களைத்தான் சொல்கிறேன்) அப்பெயர் வந்த ஊரை மாணவர்க்குச் சொல்வதில்லை. சாந்தோமில் கிடைத்த கல்வெட்டுத் துண்டொன்றில் நேமிநாதர் பெயர் உள்ளதை மயிலை சீனி. வேங்கடசாமி எடுத்துக்காட்டியுள்ளார்.

கடல் ஊரைக் கொள்ளுமென்று அஞ்சித் திருவுருவத்தை மேல்சித்தாமூருக்குக் கொண்டுசென்றனர் என்பது வழிவழிச் செய்தி. தமிழ்ச் சமணரின் திருமடமும் அவ்வூரிலேயே உள்ளது. மயிலையிலிருந்து காலையில் புறப்பட்டுத் திண்டிவனம் வழியாகச் சென்றால், வணங்கிவிட்டு மாலைக்குள் வீடு திரும்பலாம்.