டெரோசியோவின் வகுப்பறை: ஆசிரியர் பேச்சும் மாணவர் மறுமொழியும்

கல்லூரி ஆசிரியர் தம் மாணவரோடு எவ்வாறு பேச வேண்டும் என்னும் வினா இந்தியாவில் ஏறத்தாழ இருநூறு ஆண்டுப் பழமை உடையது. நவீனக் கல்லூரி இங்கு வேரூன்றத் தொடங்கிய காலத்திலேயே அவ்வினா ஓர் ஆசிரியரின் பணியைப் பறித்தது. அவர் கல்கத்தா இந்துக் கல்லூரியின் ஹென்றி லூயி விவியன் டெரோசியோ.

நகரின் செல்வந்தர்கள் தம் பிள்ளைகளின் ஆங்கிலக் கல்விக்காக 1817-இல் நிறுவிய கல்லூரி அது. போர்த்துகீசிய மரபுவழி வந்த டெரோசியோ 1826-இல் அங்கு ஆசிரியராகச் சேர்ந்தபோது அவருக்கு வயது 17. ஆங்கில இலக்கியமும் வரலாறும் கற்பித்தார். மாணவருக்கும் அவருக்கும் இடையே வயது இடைவெளி மிகக் குறைவு. அது நெருக்கத்தை எளிதாக்கியிருக்கலாம். எனினும் அவரது செல்வாக்கின் அடிப்படை அவர் கையாண்ட முறையில் இருந்தது.

எந்தக் கருத்தையும் அதன் மறுப்போடு சேர்த்தே மாணவர் முன் வைப்பது அம்முறை. கடவுள் இருப்பைப் பற்றி ஹியூம் எழுப்பிய ஐயங்களை விளக்கியவர், அவற்றுக்கு ரீடும் டூகல்ட் ஸ்டூவர்ட்டும் அளித்த மறுமொழிகளையும் விளக்கினார். முடிவு காணும் பொறுப்பு மாணவருடையது. 1828-இல் உருவான அகாடமிக் அசோசியேஷன் இம்முறையை வகுப்பறைக்கு வெளியே கொண்டு சென்றது. மாணிக்தலாவில் ஸ்ரீகிருஷ்ண சிங்கரின் தோட்ட வீட்டில் கூடிய அவையில் மாணவர்கள் விதி, ஒழுக்கம், சிலை வழிபாடு, நாட்டுப்பற்று முதலியன குறித்து வாதிட்டனர். டெரோசியோ தலைமை வகித்தார். வகுப்பில் கேட்போராக இருந்தவர்கள் இங்கே பேசுவோராயினர்.

விவாதத்தின் விளைவுகள் வீடுகளுக்குள் புகுந்தன. சில மாணவர்கள் உணவு விலக்குகளை மீறினர், வழிபாட்டை மறுத்தனர். பெற்றோர் சிலர் பிள்ளைகளைக் கல்லூரியிலிருந்து நிறுத்தினர். 1831 ஏப்ரல் 23 அன்று நிர்வாகக் குழு கூடியது. இளைஞரை ஒப்படைக்கத் தகாதவரா டெரோசியோ என்ற வினாவுக்கு, ஒன்பது உறுப்பினருள் மூவரே ஆம் என்றனர். ஆயினும், ஊரின் மனநிலையைக் கருதி அவரை நீக்குவது உகந்ததா என்ற அடுத்த வினாவில் பெரும்பான்மை மாறியது. வில்சனும் டேவிட் ஹேரும் வாக்களிக்கவில்லை. ஸ்ரீகிருஷ்ண சிங்கர் ஒருவரே எதிர்த்தார். டெரோசியோவிடம் விளக்கம் கேட்கப்படவில்லை. குற்றச்சாட்டு எழுதப்படவில்லை, சாட்சிகள் விசாரிக்கப்படவில்லை என்று சுட்டிக்காட்டி அவர் 25-ஆம் நாள் விலகல் கடிதம் எழுதினார்.

அதன் பின்னரே, நகரில் உலவிய வதந்திகளைப் பற்றி வில்சன் அவரிடம் கேட்டார். கடவுள் இல்லை என்றாரா? பெற்றோருக்குப் பணிய வேண்டியதில்லை என்றாரா? உடன்பிறந்தோர் மணம் தகும் என்றாரா? முதல் வினாவுக்கு இருதரப்பு வாதங்களையும் கற்பித்ததாக விடையளித்தார். மற்ற இரண்டையும் மறுத்தார்.

இந்நிகழ்வைப் பழமைக்கும் புதுமைக்கும் நடந்த மோதலாக விளக்குவதே வழக்கம். அதில் உண்மை உண்டு. எனினும் மற்றொன்றும் கவனத்துக்குரியது: ஆசிரியருக்கும் மாணவருக்கும் இடையே உரையாடல் செழித்திருந்தது, கல்லூரிக்கும் வீட்டுக்கும் இடையே, நிர்வாகத்துக்கும் ஆசிரியருக்கும் இடையே அது இல்லை. அவ்வெற்றிடத்தை வதந்தி நிரப்பியது. இருதரப்பு வாதமாகச் சொல்லப்பட்டது, ஒருதரப்புப் போதனையாக ஊருக்குள் சென்றது.

1831 டிசம்பர் 26 அன்று, 22 வயதில், டெரோசியோ காலரா நோயால் இறந்தார். அவர் மாணவரைக் கெடுத்தாரா என்னும் வினாவுக்கு அம்மாணவரின் பிற்கால வாழ்வே விடை. கிருஷ்ணமோகன் பானர்ஜி 1832-இல் கிறித்தவரானார். ராம்தனு லாகிரி 1851-இல் பூணூலைத் துறந்து, ஆசிரியப் பணியில் வாழ்ந்தார். ராதாநாத் சிக்தார் நில அளவைத் துறையில் எவரெஸ்ட்டின் உயரத்தைக் கணக்கிட்டார். பியாரிசந்த் மித்ரா வங்காள நாவலின் முன்னோடியானார். ஒருவர் மற்றவரின் நகல் அல்லர். எவரும் ஆசிரியரின் நகலும் அல்லர்.

அவ்வுரையாடலுக்கு ஓர் எல்லை இருந்தது: அது ஆங்கிலம் கற்ற வசதி படைத்த குடும்பத்து ஆண்களுக்குள் நிகழ்ந்தது. 1854-இல் பியாரிசந்தும் ராதாநாத்தும் பெண்களும் படித்துணரும் எளிய வங்காளத்தில் ‘மாசிக் பத்ரிகா’ என்னும் இதழைத் தொடங்கினர். ஆசிரியர் எட்டாத செவிகளை நோக்கி மாணவர்கள் பேசத் தொடங்கியது அப்போதுதான்.