பெருமுடி சாய்ந்தது, பெயர் நின்றது

ஆங்கில மொழியில் ‘பிக்விக்’ என்றொரு சொல் உண்டு. பெரும்புள்ளி என்பது அதன் பொருள். பெருமிதம் கொண்டு திரிவோரை ஆங்கிலேயர் எள்ளி நகைக்கும்போது அச்சொல்லை ஆளுகின்றனர். ‘பிக்’ என்றால் பெரிய. ‘விக்’ என்றால் பொய்ம்முடி. பெரிய மனிதனுக்குப் பெயர் பெரிய பொய்ம்முடி! தலைக்குள் இருப்பது என்ன என்று கேளாமல், தலைமேல் இருப்பதைக் கண்டு தலைவணங்கிய காலத்தின் சாட்சி அச்சொல்.

‘பெருக்’ என்னும் பிரெஞ்சுச் சொல் ஆங்கிலத்தில் ‘பெரிவிக்’ ஆகிப் பின் ‘விக்’ எனக் குறுகிற்று. பிரெஞ்சு மன்னன் பதின்மூன்றாம் லூயிக்கு இளமையிலேயே முடி உதிர்ந்தது, பொய்ம்முடி அணிந்தான். ஏழை அணிந்திருந்தால் வழுக்கையை மறைக்கும் வழி என்றிருப்பர். அணிந்தவன் மன்னனன்றோ! குறையை மறைத்த மூடி, மாண்பின் சின்னமாயிற்று. அவையோரும் சொந்த முடியை மழித்துவிட்டுப் பொய்ம்முடி புனைந்தனர்.

1660-இல் அரியணை ஏறிய இரண்டாம் சார்லஸ் காலத்தில் இங்கிலாந்திலும் இவ்வழக்கம் பரவிற்று. கடற்படை அலுவலர் சாமுவேல் பீப்ஸ் 1663-இல் பொய்ம்முடி வாங்கினார். ஒன்றின் விலை 3 பவுன். 1665-இல் இலண்டனைக் கொள்ளைநோய் சூறையாடியபோது, நோயில் மாண்டவர் தலைமுடியால் செய்ததாயிருக்குமோ என்று அவரே அஞ்சினார்.

தோளிலும் முதுகிலும் புரளும் பெருமுடி நீதிபதிக்கும் உயர்குடியினருக்கும். சிறு வணிகனுக்குக் குறுமுடி. முடியிலும் மேல் கீழ் வகுத்தனர்! ஆனால் அந்த முடி முளைத்தது எங்கே? வறுமையால் கூந்தலை விற்ற சிற்றூர்ப் பெண்களின் தலையில். உழைப்பவள் தலை மொட்டை; உண்டு களிப்பவன் தலையில் மகுடம்!

1765-இல் பொய்ம்முடி வழக்கம் குன்றத் தொடங்கிற்று. பிழைப்புப் போயிற்றே என மன்னன் மூன்றாம் ஜார்ஜிடம் முறையிட முடிவினைஞர் ஊர்வலம் சென்றனர். அவர்களிற் பலர் சொந்த முடியோடு நடந்தனர்! அதைக் கண்ட மக்கள் அவர்தம் முடியைப் பிடித்துக் கத்தரித்தனர். ஊருக்கு உபதேசம் செய்தவர்க்கு ஊரார் தந்த பரிசு அது.

1795-இல் ரொட்டிக்கு மாவின்றி இங்கிலாந்தின் ஏழைகள் வாடினர், கலகங்கள் மூண்டன. செல்வரோ தலையில் மாவைத் தூவிக்கொண்டனர். அவ்வாண்டு பிரதமர் பிட் தலைமாவுக்கு வரி விதித்தார். ஆண்டுக்கு ஒரு கினி, அதாவது 21 ஷில்லிங். அரச குடும்பத்துக்கு விலக்கு! கினி கொடுத்து மாவு பூசியவரை மக்கள் ‘கினிப் பன்றிகள்’ என்றழைத்தனர். பிரெஞ்சுப் புரட்சியின் புயலும் சேர, தெருவிலிருந்து பொய்ம்முடி மறைந்தது.

நீதிமன்றத்திலோ அது ஒட்டிக்கொண்டது. இங்கிலாந்தின் குடும்ப, உரிமையியல் மன்றங்களில் நீதிபதிகள் அதனைக் களைந்தது 2008-இல்தான். குற்றவியல் மன்றங்கள் இன்னும் விடவில்லை. முடியில்லையேல் நீதி குறையும் என்றனர், குறைந்ததா?

மன்னர் தந்த மாண்பை மக்கள் நாக்கு நகைப்பாக மாற்றிற்று. அவர்கள் சட்டம் இயற்றவில்லை, வாள் ஏந்தவில்லை, பெரியவரைப் பார்த்து, ‘பெரிய பொய்ம்முடி’ என்று பெயர் வைத்தனர். உயர்வு உடலோடு பிறந்தது என்போரிடம் நாம் கேட்போம்: கழற்றி ஆணியில் மாட்டக்கூடிய உயர்வு, உயர்வாகுமா?