மருந்துகளைக் கடந்து வந்த ஈஸ்ட்

கேண்டிடா ஆரிஸ் என்ற ஈஸ்ட் மருத்துவ இலக்கியத்தில் இடம்பிடித்தது 2009-இல். டோக்கியோ மருத்துவமனை ஒன்றில், ஒரு மூதாட்டியின் வெளிக்காதிலிருந்து எடுத்த மாதிரியில் ஜப்பானிய ஆய்வாளர்கள் அதைக் கண்டு விவரித்தார்கள். பிறகு தென்கொரியாவில் பாதுகாத்து வைத்திருந்த பழைய மாதிரிகளைச் சோதித்தபோது, 1996-லேயே ஒரு நோயாளியின் இரத்தத்தில் அது இருந்தது தெரியவந்தது.

அடுத்து டெல்லி. அங்குள்ள மருத்துவமனைகளில் நோயாளிகளின் இரத்தத்தில் இது பரவியிருந்ததை வல்லபாய் படேல் மார்புநோய் நிறுவனத்தின் அனுராதா சௌத்ரி குழு 2013-இல் பதிவுசெய்தது. வழக்கமான ஆய்வகக் கருவிகள் இதை வேறொரு கேண்டிடா இனம் என்றே காட்டிவந்தன. மருத்துவர்கள் பரவலாக நம்பியிருந்த ஃபுளுகோனசோல் என்ற பூஞ்சை எதிர்ப்பு மருந்துக்கு இது பணியவில்லை.

பூஞ்சையின் செல் சவ்வுக்கு எர்கோஸ்டெரால் வேண்டும். அதை உருவாக்க உதவும் நொதி ஒன்றை முடக்குவதுதான் ஃபுளுகோனசோலின் வேலை. கோடிக்கணக்கில் பெருகும் செல்களில் ஏதோ ஒன்றில், மரபணுவைப் படியெடுக்கும்போது நேரும் பிழையால் அந்த நொதியின் வடிவம் சற்றே மாறுகிறது. மருந்தால் அதைச் சரியாகப் பற்ற முடிவதில்லை. இன்னொரு செல்லில், படகுக்குள் புகும் நீரை இறைத்துக் கொட்டுவதுபோல், நுழைந்த மருந்தை வெளியே தள்ளும் புரதங்கள் பெருகுகின்றன. மற்ற செல்களின் வளர்ச்சியை மருந்து தடுத்துவிட, இவை தழைக்கின்றன. செல்சுவரைக் குலைக்கும் எகினோகேண்டின் மருந்துகளுக்கு எதிராகவும், சிகிச்சை நடக்கும்போதே ஒரே நோயாளியின் உடலில் எதிர்ப்பு உருவானதுண்டு.

பல நாடுகளின் மாதிரிகளை மரபணு அளவில் ஒப்பிட்ட ஆய்வு 2017-இல் வெளியானது. தெற்காசியா, கிழக்காசியா, தென்னாப்பிரிக்கா, தென்னமெரிக்கா என நான்கு கிளைகள் அதில் தெரிந்தன. ஓரிடத்திலிருந்து உலகெங்கும் போனவை அல்ல அவை. ஏறக்குறைய ஒரே காலத்தில் தனித்தனியே தலையெடுத்தவை. வெவ்வேறு கிளைகளிலும் அதே நொதியில்தான் மாற்றங்கள் நேர்ந்திருந்தன. ஆகவே எந்த ஊரையும் பழிப்பதில் பொருளில்லை. எங்கும் ஒரே வகை மருந்துகள், எங்கும் ஒரே வகை நெருக்கடி.

மருத்துவமனைக்குள் நுழைந்ததும் இதன் பயணம் எளிதாகிவிடுகிறது. தோலிலும் கருவிகளிலும் நெடுநாள் தங்கும்; சில கிருமிநாசினிகளுக்கு அசையாது. ஆக்ஸ்ஃபோர்டின் தீவிர சிகிச்சைப் பிரிவு ஒன்றில் 2015 முதல் 2017 வரை 70 பேரிடம் இது காணப்பட்டது. ஆராய்ந்தபோது, அக்குளில் வைத்துத் திரும்பத் திரும்பப் பயன்படுத்திய வெப்பமானிகளோடு தொடர்பு தெரிந்தது. அவற்றை அகற்றியபின் பரவல் தணிந்தது.

இதன் இயற்கை வாழிடத்தைத் தேடிய சௌத்ரி குழுவினர் 2021-இல் அந்தமானின் உவர்நிலச் சதுப்பிலும் கடற்கரை மணலிலும் இதைக் கண்டதாக அறிவித்தார்கள். சதுப்பில் கிடைத்த ஒன்று மருந்துகளுக்குக் கட்டுப்பட்டது. அதிக வெப்பத்தில் மெதுவாகவே வளர்ந்தது. 2022-இல் உலக சுகாதார நிறுவனம் மிக ஆபத்தான நான்கு பூஞ்சைகளில் ஒன்றாக இதைச் சேர்த்தது.

கையிலுள்ள முக்கிய மருந்து வகைகள் விரல்விட்டு எண்ணக்கூடியவை. படியெடுக்கும் பிழையை நம்மால் நிறுத்த முடியாது; அந்தப் பிழைக்குக் கிடைக்கும் வெகுமதியைக் குறைக்க முடியும். எந்த இனம், எந்த மருந்துக்குக் கட்டுப்படும் என்று சோதித்து மருந்து கொடுப்பதும், கருவிகளையும் கைகளையும் தூய்மையாக வைப்பதும் அதற்கான வழிகள். ஒவ்வொரு மருத்துவமனையிலும் பூஞ்சையை இனம்காணும் ஆய்வக வசதிக்கும் துப்புரவுப் பணியாளர்களுக்கும் செலவிடும் பணம், நோயாளியின் உயிர்காக்கும் சிகிச்சையிலேயே சேரும்.