ஃபைலை நகர்த்திய படம்

கடந்த 40 ஆண்டுகளில் வந்த பிரெஞ்சுப் படங்களில், சரித்திரம் பேசுபவற்றை மட்டும் வரிசைப்படுத்தச் சொன்னால், என் முதலிடம் ரஷீத் புஷாரெப் இயக்கிய 'அந்திஜேன்' (2006) படத்துக்குத்தான். ஆங்கிலத்தில் அதன் பெயர் 'டேஸ் ஆஃப் குளோரி'. இதைவிட அழகான படங்கள் உண்டு. அவற்றைக் கீழே வைத்ததற்குக் காரணம் இருக்கிறது.

புதுச்சேரியில் பிரெஞ்சு வழியில் படித்த எங்களுக்கு, 1944-இல் பிரான்ஸ் விடுதலையான கதை தலைகீழ்ப் பாடம். ஆனால் அந்த ஆகஸ்டில் ப்ரோவான்ஸ் கடற்கரையில் இறங்கிய பிரெஞ்சுப் படையில் பெரும்பகுதி ஆப்பிரிக்கக் காலனிகளிலிருந்து வந்தது என்று யாரும் சொல்லித்தந்ததாக நினைவில்லை. படம் அவர்களைப் பற்றியது. 'அந்திஜேன்' என்றால் உள்ளூர்க்காரன். காலனி அதிகாரியின் வாயில் அது மரியாதைச் சொல் அல்ல.

கப்பலில் ஒரு காட்சி. வெள்ளைக்காரச் சிப்பாய்க்குத் தக்காளி உண்டு, கறுப்பருக்கு இல்லை. அப்துல்காதர் என்ற கார்ப்பரல் தக்காளிப் பெட்டியைக் கீழே தள்ளிக் காலால் மிதிக்கிறான். பீரங்கிச் சண்டைகள் மறந்துபோயின. அந்தத் தக்காளி மறக்கவில்லை. ஐந்து நடிகர்களுக்கும் சேர்த்துக் கான் விழாவில் சிறந்த நடிகர் பரிசு கொடுத்தார்கள்.

படத்தின் முடிவில் ஓய்வூதிய விவகாரம் வருகிறது. 1959 டிசம்பரில் பிரான்ஸ் ஒரு சட்டம் போட்டது. காலனிகளாக இருந்து விடுதலை பெறும் நாடுகளின் முன்னாள் சிப்பாய்களுக்குப் பென்ஷன் பழைய தொகையிலேயே நின்றுவிடும். அதற்கு அவர்கள் வைத்த பெயர் 'கிரிஸ்தலிசாசியோன்', அதாவது கற்கண்டு மாதிரி இறுகச் செய்வது. பஞ்சப்படி ஏறாத பென்ஷன் என்றால் என்னவென்று எந்த அரசு ஊழியரைக் கேட்டாலும் சொல்வார். ஒரே பதுங்குகுழியில் கிடந்த இருவரில், பிரெஞ்சுக்காரருக்குத் தொகை ஏறிக்கொண்டே போனது, அல்ஜீரியருக்கு அசையவில்லை.

குடியுரிமைக் காகிதம் ஒரு வீட்டின் தலையெழுத்தை மாற்றும் என்பது எங்கள் ஊருக்குப் புதிதல்ல. 1962 ஆகஸ்ட் 16-க்குப் பின் ஆறு மாத அவகாசத்தில் எழுதிக்கொடுத்துப் பிரெஞ்சுக் குடியுரிமையைத் தக்கவைத்துக்கொண்டவர்கள் ஒரு பக்கம், எழுதிக்கொடுக்காதவர்கள் மறுபக்கம். 'சொல்தா' வீடு என்றாலே தெருவில் தனி மதிப்பு.

ஜனாதிபதி ஷிராக் 'அந்திஜேன்' படத்தைப் பார்த்தார். 2006 செப்டம்பர் 27, படம் திரைக்கு வந்த அன்றே, முன்னாள் போர்வீரர் படியையும் ஊன ஓய்வூதியத்தையும் சமமாக்கப் போவதாக அரசு அறிவித்தது. சுமார் 80,000 பேருக்குப் பயன். பழைய பாக்கி கிடையாது. மற்ற ஓய்வூதியங்களுக்கு 2010-இல் அரசியல் சாசன மன்றம் தீர்ப்புச் சொல்ல வேண்டியிருந்தது. ஆனாலும் 47 வருடம் அசையாத ஃபைலை ஒரு சினிமா நகர்த்தியது. ஃபைல்களோடே வாழ்ந்தவன் நான். எனக்கு அது சின்ன விஷயமில்லை.

இரண்டாவது, லூயி மாலின் 'ஓ ருவுவார் லேஸான்ஃபான்' (1987). போய் வருகிறேன் பிள்ளைகளே என்று அர்த்தம். 1944 ஜனவரியில் மால் படித்த விடுதிப் பள்ளியிலிருந்து மூன்று யூத மாணவர்களையும், அவர்களை ஒளித்துவைத்த தலைமைப் பாதிரியாரையும் கெஸ்டாபோ பிடித்துப்போனது. படத்தில் ஒரு சிறுவன் தன்னையறியாமல் திரும்பிப் பார்க்கும் ஒரே பார்வையில் நண்பன் மாட்டிக்கொள்கிறான். இதை எடுக்க மாலுக்கு 43 வருடம் ஆயிற்று. கலை என்று மட்டும் பார்த்தால் இதுதான் முதலிடம்.

அடுத்தது சேவியர் போவுவாவின் 'தேஸோம் ஏ தே தியூ' (2010). 1996-இல் அல்ஜீரியாவில் கடத்திக் கொல்லப்பட்ட ஏழு துறவிகளின் கதை. போவதா, இருப்பதா என்று மேசையைச் சுற்றி அமர்ந்து பேசுகிறார்கள், அவ்வளவுதான் படம். கொலையைக் காட்டாமல் விட்டது பிடித்தது.

நான்காவது 'ஆந்தோஷீன்' (1992). ஆஸ்கர் வாங்கியது. சைகோன் என்றால் எங்கள் ஊரில் பல வீடுகளில் ஒரு பழைய போட்டோவாவது இருக்கும். அந்த ஆசையில்தான் பார்த்தேன். கத்ரீன் தெனவ் அம்மையாரின் உடைகளும் ஹாலாங் விரிகுடாவும் இன்னும் கண்ணில் நிற்கின்றன. ரப்பர் தோட்டத்துக் கூலிகளின் முகம் ஒன்றுகூட நிற்கவில்லை.